பத்தாவது மாதத்து நாய்

கைவிடப்பட்ட நாய்க்குட்டிக்கு ஆள் பிடிப்பது பெரிய காரியமே இல்லை. ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து, வயிறு உருண்டு நிற்கிற இரண்டு மாதக் குட்டியின் படத்தைப் புலனக் குழு ஒன்றில் போட்டுப் பாருங்கள். ராத்திரிக்குள் நாலைந்து பேர் கேட்டுவிடுவார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் கடை வரிசைகளுக்குப் பின்னால் ஓடும் சந்துகளிலிருந்தும் கிள்ளான் பக்கத்துச் சந்தைகளிலிருந்தும் குட்டிகளைத் தூக்கி வந்து, உண்ணி பொறுக்கி, புழு மருந்து கொடுத்து, தடுப்பூசி போட்டு, வீடு பார்த்து அனுப்புகிற எங்களைப் போன்றவர்களுக்குத் தலைவலி அதற்குப் பிறகுதான். அந்தக் குட்டி எட்டு ஒன்பது மாதம் கழித்துப் பதினைந்து கிலோ நாயாகத் திரும்பி வரும். "கடிக்குதுங்க", "குரைக்குதுன்னு பக்கத்து வீட்டுல புகார்", "நாங்க வீடு மாறுறோம்" என்று ஏதாவது ஒரு காரணம் கூடவே வரும். திரும்பி வந்தால்கூடப் பரவாயில்லை. சொல்லாமல் கொள்ளாமல் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிடப்பட்ட நாய்க்குக் கணக்கே கிடையாது. சம்பளமில்லாத இந்தத் தொழில் கற்றுக்கொடுத்ததை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: குட்டிக்கு வீடு தேடாதீர்கள், அந்தக் குட்டி பத்தாவது மாதத்தில் என்னவாக நிற்குமோ அந்த நாய்க்கு வீடு தேடுங்கள். இதைப் பிடிவாதமாகச் செய்யப் போனால் ராத்திரிக்குள் கேட்ட நாலைந்து பேரில் மூன்று பேர் கழன்றுகொள்வார்கள். கழன்றுகொள்ளட்டும் என்பதுதான் என் கட்சி.

இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்பவர்களுக்கு நம் ஊரிலேயே ஒன்று இருக்கிறது. வளர்ப்புப் பிராணிகளுக்கு வீடு தேடித் தருவதற்காக மலேசியாவில் 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பெட்ஃபைண்டர் தளம், தன்னிடம் வந்த விளம்பரங்களில் 14,993இன் விவரங்களை 2018 கடைசியில் 'கேகல்' என்ற தரவுப் போட்டிக்காக வெளியிட்டது. எந்தப் பிராணி எத்தனை நாளில் எடுக்கப்படும் என்று முன்கூட்டிக் கணிப்பதுதான் போட்டி. உலகம் முழுவதிலுமிருந்து கணினிக்காரர்கள் மோதிய அந்தத் தரவு, உண்மையில் கிள்ளான் பள்ளத்தாக்கின் கதை. நாயும் பூனையும் சேர்ந்த அந்த விளம்பரங்களில் சிலாங்கூரும் கோலாலம்பூரும் மட்டும் நூற்றுக்கு எண்பதுக்கு மேல். போட்ட அன்றே ஆள் கிடைத்தவை 410. ஒரு வாரத்துக்குள் போனவை இன்னொரு 3,090. நூறு நாள் கழித்தும் யாரும் எடுக்காமல் கிடந்தவை 4,197. மிக அதிகமாக விளம்பரத்துக்கு வந்த வயது இரண்டு மாதம். வேகமாகப் போவதும் இந்தச் சின்ன வயதுதான். கருத்தடை செய்து, எல்லாத் தடுப்பூசியும் போட்டுத் தயாராக இருந்த பிராணிகள் மெதுவாகப் போயிருக்கின்றன. ஒன்றும் செய்யாதவை வேகமாகப் போயிருக்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் மக்கள் கருத்தடை செய்த நாயை வெறுக்கிறார்கள் என்று படும். விஷயம் அதுவல்ல. கருத்தடை செய்யும் அளவுக்கு வளர்ந்துவிட்ட நாய், குட்டி அல்ல, அவ்வளவுதான். நம் மக்கள் வயதைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.

இந்தத் தரவில் இல்லாத ஒரு கட்டம்தான் எனக்கு முக்கியம். எடுத்துப் போன நாள் வரைக்கும் கணக்கு இருக்கிறது. எடுத்துப் போன பிறகு கணக்கு இல்லை. வேகத்தை அளக்கிறோம், நிலைத்ததை அளப்பதில்லை. எங்கள் குழுக்களிலும் இதே கதைதான். 'அடாப்டட்' என்று படத்தின் மேல் சிவப்பெழுத்தில் ஒட்டிவிட்டால் ஆளுக்கொரு இதயக் குறி போட்டுவிட்டு அடுத்த குட்டிக்குப் போய்விடுகிறோம். பெண் கொடுத்த வீட்டைத் தாலி கட்டிய அன்றோடு மறந்துவிடுகிற தகப்பனை ஊர் என்ன சொல்லும்?

நிலைக்காமல் போவது எப்போது என்பதற்கு அமெரிக்காவில் நல்ல ஆய்வு உண்டு. பன்னிரண்டு காப்பகங்களில் உரிமையாளர்களே கொண்டுவந்து ஒப்படைத்த நாய்களைப் பற்றி 1990களின் கடைசியில் வெளிவந்த ஆய்வு அது. ஒப்படைக்கப்பட்ட நாய்களில் 47.7 விழுக்காடு ஐந்து மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்டவை. 37.1 விழுக்காட்டு நாய்கள் அந்த வீட்டில் இருந்தது ஏழு மாதம் முதல் ஓராண்டு வரைதான். 96 விழுக்காட்டுக்கு எந்தப் பயிற்சியும் கொடுக்கப்படவில்லை. 42.8 விழுக்காட்டுக்குக் கருத்தடை ஆகவில்லை. அமெரிக்காவை இங்கே கொண்டுவந்து ஒட்டலாமா என்றால், எண்களை ஒட்ட முடியாது. நாயின் உடம்பை ஒட்டலாம். நாய்க்குட்டி டென்வரிலும் கிள்ளான் பண்டமாரானிலும் ஒரே மாதிரித்தான் வளர்கிறது. நாலாவது மாதத்தில் பால் பல் விழுந்து, செருப்பு, மேசைக்கால், கார் மட்கார்டு என்று கடிக்கும். ஆறாவது மாதத்திலிருந்து பன்னிரண்டாவது மாதத்துக்குள் பெட்டை முதல் முறை பருவத்துக்கு வரும். வாசலில் நாலு கடுவன் வந்து படுத்துக்கொள்ளும். கடுவனாக இருந்தால் சுவர் ஏறிக் குதித்து ஓடப் பார்க்கும், காரின் நாலு சக்கரத்திலும் காலைத் தூக்கும். குரல் கனத்துவிடும். நம் நாட்டுக் கலப்பின நாய் ஆறு மாதத்தில் கிட்டத்தட்ட முழு உயரத்தை எட்டிவிடும். புத்தி மட்டும் இன்னும் ஓராண்டுக்குக் குட்டி புத்திதான். பிள்ளைகளுக்கு ஆசையும் அந்த நேரம் பார்த்துத் தீர்ந்திருக்கும். இத்தனையும் ஒரே சமயத்தில் வந்து விழுகிற மாதம் என்று ஒன்று உண்டு. அதைத்தான் பத்தாவது மாதம் என்கிறேன்.

ஆகவே வீடு பார்க்கும்போது பார்க்க வேண்டியது அந்த மாதத்தை அந்த வீடு தாங்குமா என்பதை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தக் கேள்விக்கு வீட்டுக்கு வீடு பதில் மாறும். பிரிக்ஃபீல்ட்ஸை எடுத்துக்கொள்வோம். கேஎல் சென்ட்ரல் வந்த பிறகு அந்த வட்டாரம் மேல்நோக்கி வளர்ந்துவிட்டது. பழைய அடுக்குமாடி, புதிய கொண்டோமினியம், கடைக்கு மேல் வாடகை அறை. நாய் கேட்கிற இளைஞர்களில் பலர் இந்த மூன்றில் ஒன்றில் இருப்பவர்கள். அவர்களுக்கு முன்னால் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று, வாடகை ஒப்பந்தம். பெரும்பாலும் ஓராண்டு, இரண்டாண்டு. நாயின் ஆயுளோ பத்து முதல் பதினைந்து ஆண்டு. அந்த நாய் தன் வாழ்நாளில் ஐந்தாறு வீட்டுக்காரர்களின் சம்மதத்தைத் தாண்டி வர வேண்டும். இரண்டாவது தாள், 2015ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாக ஒழுங்குமுறைகள். அதன் மூன்றாம் அட்டவணையில் பதினான்காவது துணைவிதி பிராணிகளைப் பற்றியது. மற்ற குடியிருப்பாளர்களுக்குத் தொல்லை தரக்கூடிய, பாதுகாப்புக்கோ சுகாதாரத்துக்கோ ஆபத்தான, அல்லது மாநில, ஊராட்சி விதிகளுக்கு முரணான பிராணியை வைத்திருக்கக் கூடாது என்று அது சொல்கிறது. நாயே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் மீறியதாக நிர்வாகம் எழுத்தில் அறிவித்தால் மூன்றே நாளில் பிராணியை அப்புறப்படுத்த வேண்டும். குரைப்பது தொல்லையா இல்லையா என்பது எதிர்வீட்டுக்காரர் கையில். மூன்று நாளில் பதினைந்து கிலோ நாய்க்கு யார் வீடு தேட முடியும்? நிர்வாகத்தின் எழுத்துச் சம்மதம் கையில் இல்லாத அடுக்குமாடிக்குக் குட்டி கொடுப்பது, திரும்பி வரும் தேதியை எழுதாமல் கொடுப்பதற்குச் சமம்.

கிள்ளான் பக்கம் போனால் தரைவீடுகள். ஸ்ரீ அண்டாலாஸ், புக்கிட் திங்கி, பண்டமாரான் என்று வரிசை வரிசையாக டெரஸ் வீடுகள். முன்னால் கார் நிறுத்த ஓர் இடம், இரும்புக் கேட்டு. இடம் இருக்கிறது என்று நம்பிக் கொடுத்து ஏமாந்தது இங்கேதான் அதிகம். இங்கே வருகிற கோரிக்கை பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "திருடன் வராம இருக்க ஒரு நாய் வேணுங்க." இது தப்பான ஆசை இல்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ஒரு சங்கிலி ஒளிந்திருக்கிறது. கார் நிறுத்தும் இடத்துத் தூணில் கட்டிய நாலடிச் சங்கிலி, பக்கத்தில் ஒரு தகரத் தட்டு, மதியம் கொதிக்கிற சிமெண்டுத் தரை, மழை வந்தால் சாரல். அங்கே வளர்கிற நாய் ஆளைப் பார்த்தாலும் குரைக்கும், இலையைப் பார்த்தாலும் குரைக்கும். குரைக்கிறது என்று புகார் வரும். புகார் வந்ததும் நாய் போகும். காவலுக்கு நாய் வேண்டும் என்பவரிடம் நாங்கள் கேட்பது: "ராத்திரி வீட்டுக்குள்ள விடுவீங்களா?" விடுவேன் என்பவர் உண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்பவர் உண்டு, "நாயை எப்படிம்மா உள்ள விடுறது" என்று முகத்தைச் சுளிப்பவரும் உண்டு. மூன்றாமவரிடம் கோபப்பட ஒன்றுமில்லை. அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். நமக்கு வேலை மிச்சம்.

அப்படியே அந்தக் கேட்டையும் குனிந்து பார்க்க வேண்டும். நிற்கும்போது கேட்டு நன்றாகத்தான் இருக்கும். கீழ்க்கம்பிகளுக்கு இடையே உங்கள் மூடிய கைமுட்டி நுழைந்தால் இரண்டு மாதக் குட்டியின் தலையும் நுழையும். தலை நுழைந்தால் உடம்பும் போய்விடும். கேட்டுக்கும் தரைக்கும் நடுவில் தண்ணீர் வடிய விட்ட இடைவெளியையும் அளக்க வேண்டும். வலை அடிப்பதற்குப் பெரிய செலவில்லை. அடிக்கச் சொல்லி ஒரு வாரம் பொறுத்திருந்து பார்ப்பது எங்கள் வழக்கம். அடித்துவிட்டுப் படம் எடுத்து அனுப்புகிற வீடு, பத்தாவது மாதத்தையும் தாண்டிவிடும் வீடு. என்னைக் கேட்டால் பத்துப் பக்க விண்ணப்பப் படிவத்தைவிட இந்த வலை நல்ல பரீட்சை.

தரைவீட்டிலும் நாய் மன்றத்தின் கணக்கில் வந்தாக வேண்டும். கோலாலம்பூர் மாநகர் மன்றமானாலும், 2024 பிப்ரவரியில் அரச மாநகரான கிள்ளானின் மன்றமானாலும், நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டும். எத்தனை நாய் வைக்கலாம் என்பதும் வீட்டைப் பொறுத்தது. உரிமத் தகடு இல்லாமல் வெளியே சுற்றுகிற நாயை மன்றத்து ஆட்கள் பிடித்தால் சில நாள் அவகாசம்தான். அண்டை வீட்டாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் என்பது இந்நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மரபு. அதை மதிக்காமல் இங்கே நாய் வளர்க்க முடியாது. ஆனால் சண்டைகளை அலசிப் பார்த்தால், தொடக்கம் பெரும்பாலும் மதமாக இருப்பதில்லை. பக்கத்து வீட்டுக் கேட்டுக்கு முன்னால் கிடந்த மலம், விடியற்காலைக் குரைப்பு, திறந்து கிடந்த கதவு: சீன வீடாக இருந்தாலும் தமிழ் வீடாக இருந்தாலும் இதற்குக் கோபம் வரத்தான் செய்யும். குட்டி வருவதற்கு முன்னாலேயே பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வருகிற குடும்பம் பாதிக் கிணறு தாண்டிவிட்டது.

நம்மவர்களிடம் ஒரு பழைய பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் கிள்ளான் நாய்களைப் பற்றிப் பேச முடியாது. தோட்டப்புறத்து லயத்தில் நாய்க்குக் கேட்டும் இல்லை, சங்கிலியும் இல்லை. அதுபாட்டுக்குக் கிடக்கும். மிஞ்சியதைத் தின்னும், யார் வீட்டு வாசலிலும் படுக்கும், குட்டி போடும், சிலது சாகும், சிலது பிழைக்கும். யாரும் அதைக் கொடுமை என்று நினைத்ததில்லை. அந்த இடத்துக்கு அது பொருந்தியும் இருந்தது. 1980களிலிருந்து கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்களும் தொழிற்பேட்டைகளும் ஆயின. ஆட்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தார்கள். நாய்க்கு அந்த மாடியில் இடமில்லை. ஆனால் 'அதுபாட்டுக்குக் கிடக்கும்' என்ற எண்ணம் மட்டும் மாடி ஏறி வந்துவிட்டது. குட்டியைக் கோயில் வாசலில் விட்டால் பைரவர் பார்த்துக்கொள்வார், உணவுக்கடை ஓரத்தில் விட்டால் சோறு கிடைக்கும் என்று மனசாட்சியைத் தேற்றிக்கொள்வது அதன் மிச்சம்தான். லயத்தில் எப்போதாவது ஒரு லோரி வந்திருக்கும். கோயில் வாசல் சாலையில் நிமிடத்துக்கு இருபது கார்.

'எங்காவது விட்டுவிடு' என்பதன் கடைசிப் படிக்கட்டு எங்கே போய் முடியும் என்பதைக் கிள்ளான் மாவட்டமே 2009இல் பார்த்தது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகேறிப் போகும் நண்டுத் தீவான பூலாவ் கெத்தாமில் தெருநாய்கள் பெருகிவிட்டன என்று ஊர்க்காரர்கள் முந்நூறுக்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்து, ஆளில்லாத சதுப்புத் தீவுகளான செலாட் கெரிங்கிலும் தெங்காவிலும் இறக்கிவிட்டார்கள். கொல்லவில்லை, விட்டுவிட்டோம் என்பது அவர்கள் தரப்பு. குடிக்க நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் பசித்த நாய்கள் செத்த நாய்களைத் தின்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. மீட்கப் போனவர்கள் சேற்றில் இறங்கிச் சிலவற்றைத்தான் கொண்டுவர முடிந்தது. ஊர்க்காரர்கள் கொடூரர்கள் என்று நான் நினைக்கவில்லை. கருத்தடை செய்ய வேண்டிய ஆண்டுகளில் செய்யாமல் விட்டு, கடைசியில் படகை எடுத்தார்கள். காரின் பின்னிருக்கையில் அட்டைப் பெட்டியோடு புறப்படுகிறவரும் அதே படகில்தான் ஏறுகிறார். 2015இல் நிறைவேறி 2017இல் நடைமுறைக்கு வந்த விலங்கு நலச் சட்டம், பிராணியின் தேவைகளைக் கவனிப்பதை உரிமையாளரின் கடமையாக்கியிருக்கிறது. வதைத்தால் 20,000 ரிங்கிட் முதல் ஒரு லட்சம் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் நல்ல சட்டம். ராத்திரி இரண்டு மணிக்குப் பெட்டியை வைத்துவிட்டுப் போனவரின் கார் எண்ணைப் பார்த்த சாட்சிதான் கிடைப்பதில்லை.

குட்டிகளை உற்பத்தி செய்யும் குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால், நிரந்தர வீடு என்ற பேச்சிலேயே கருத்தடையும் அடக்கம். முன்னே சொன்ன பெட்ஃபைண்டர் தரவில் பெட்டைகளின் விளம்பரம் 7,277, கடுவன்களின் விளம்பரம் 5,536, கலந்த கூட்டம் 2,180. பிறக்கும்போது ஏறத்தாழ பாதிக்குப் பாதிதான் பிறக்கின்றன. வீசப்படும்போது கணக்கு சாய்கிறது. கடுவன் குட்டியை வைத்துக்கொண்டு பெட்டையை வாசலுக்கு அனுப்பும் வீடுகள் ஏராளம், குட்டி போட்டுவிடும் என்ற பயத்தில். அந்தப் பயம் நியாயமானது: கருவுற்ற நாய் 63 நாளில் ஈனும், பருவம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பும். பயத்துக்கு மருந்து அரை மணி நேர அறுவை. அதைச் செய்யாமல் நாயை மாற்றிக்கொள்கிறார்கள். "ஒரு தடவையாவது குட்டி போட விடணும், இல்லேன்னா பாவம்" என்பது இன்னொரு பேச்சு. பாவம் யாருக்கு என்றுதான் கேட்க வேண்டும். அந்த ஒரு தடவையில் பிறக்கும் ஆறேழு குட்டிகளும் எங்கள் புலனக் குழுவுக்குத்தானே வரப்போகின்றன.

சின்ன வயதிலேயே கருத்தடை செய்வது உடம்புக்குக் கெடுதல் என்று ஒரு மறுப்பு உண்டு. இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கலப்பின நாய்களைப் பற்றி 2020இல் வெளியிட்ட ஆய்வில், இருபது கிலோவுக்கு மேல் வளரும் நாய்களுக்கு ஒரு வயதுக்குள் கருத்தடை செய்தால் மூட்டு நோய்கள் கூடுவதைக் கண்டார்கள். இருபது கிலோவுக்குக் கீழே அந்தக் கூடுதல் தென்படவில்லை. நம் தெருவில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. நாலு மாதத்தில் எடை போட்டு இரண்டால் பெருக்கினால் வளர்ந்த எடை ஏறத்தாழத் தெரிந்துவிடும். பெரிய உடம்பாக வரும்போல் இருந்தால் மருத்துவரோடு பேசித் தள்ளிப் போடலாம். எங்கள் நடைமுறை: ஆறு மாதத்துக்கு நெருங்கிய குட்டியைக் கருத்தடை செய்துதான் கொடுப்போம், அதற்குச் சின்னதைக் கொடுத்தால் தேதியும் கிளினிக்கும் குறித்துவிட்டு, அந்த நாளில் நாங்களே அழைத்துப் போவோம். தேதி குறிக்காமல் "நாங்களே பாத்துப் பண்ணிக்கிறோம்" என்று வாங்கும் வாக்குக்கு மதிப்பில்லை. ஏமாற்ற வேண்டும் என்பதல்ல, மறந்துபோவதுதான் மனித சுபாவம்.

இன்னொரு மறுப்பு எங்கள் கூட்டத்துக்குள்ளிருந்தே வருவது, அதுதான் கனமானது. இப்படிக் கேள்வி மேல் கேள்வி கேட்டால் மனிதர்கள் ஓடிவிடுவார்கள், பெட் ஷாப்பில் காசு கொடுத்துக் குட்டி வாங்கிக்கொள்வார்கள், எங்கள் கையிலுள்ள குட்டிக்கு வயது ஏறிக்கொண்டே போகும், வயது ஏற ஏற ஆள் கிடைக்காது. ஆகவே வந்தவருக்குக் கொடுத்துவிடு என்கிறார்கள். நூறு நாள் தாண்டிய அந்த 4,197ஐ வைத்துப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு குட்டி தற்காலிக வீட்டில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும், இன்னொரு குட்டி சந்தில் இருக்கும் வாரம். அதோடு எங்கள் ஆட்களில் சிலர் கேட்கும் கேள்விகள் உண்மையிலேயே அநியாயம். சம்பளச் சீட்டு கேட்கிறார்கள், தரைவீடு இல்லையென்றால் பேசவே மாட்டேன் என்கிறார்கள், வயதானவர் என்றால் மறுக்கிறார்கள். நாலு பேர் கூடி வாழும் சின்ன வீட்டில் எந்நேரமும் ஆள் இருக்கும். நாய்க்கு அதைவிடச் சொர்க்கம் வேறில்லை. காலை ஏழுக்குப் போய் இரவு ஒன்பதுக்கு வரும் இணையரின் பெரிய பங்களாவில் நாய் தனியே ஊளையிடும். கூலி வேலை செய்கிறவர் நாயைக் கைவிடுவார், பட்டதாரி கைவிடமாட்டார் என்று நினைப்பது ஆணவம்.

எதில் விட்டுக்கொடுக்கலாம் என்பதற்கும் ஆய்வுகள் உதவுகின்றன. நாயையோ பூனையையோ பரிசாகப் பெற்றவர்களின் பாசம் குறைவதில்லை என்று அமெரிக்க விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கட்டணம் வாங்காமல் கொடுக்கப்பட்ட வளர்ந்த பூனைகளுக்கும் பாசத்தில் குறைவில்லை. ஆகவே 'காசு வாங்கினால்தான் மதிப்பார்கள்', 'பரிசுக்குக் கொடுக்கவே கூடாது' போன்ற எங்கள் வேதவாக்குகளை நான் விட்டுவிட்டேன். அதே அமெரிக்காவில் மூன்று நகரங்களில் தத்துக்குப் போன பிராணிகளைத் தொடர்ந்து பார்த்தபோது ஆறு மாதத்தில் பத்தில் ஒன்று அந்த வீட்டில் இல்லை. பத்தில் ஒன்றைத் தடுக்கப் பத்துப் பேரையும் குற்றவாளி போல விசாரிக்க வேண்டியதில்லை. எந்த விண்ணப்பப் படிவமும் வேண்டாம். வீட்டு அனுமதி, ராத்திரிப் படுக்கை, கருத்தடைத் தேதி: இந்த மூன்றில் மட்டும் இரும்பாக இருந்தால் போதும். மற்றதெல்லாம் ஒரு கோப்பைத் தேநீரோடு பேசித் தெரிந்துகொள்ள வேண்டியவை. குட்டியின் படத்தைப் போடும்போது தாய் நாயின் படத்தையும் பக்கத்தில் போடுங்கள் என்று சொல்லிவருகிறேன். தாய் கிடைக்காவிட்டால் அதே சாயலில் வளர்ந்த நாய் ஒன்றின் படம். ராத்திரிக்குள் கேட்பவர்கள் ஐந்திலிருந்து இரண்டாகக் குறைவார்கள். அந்த இரண்டு பேருக்கும் தாங்கள் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்திருக்கும்.

காப்பகத்தில் விட்டுவிடலாமே என்பவர்களுக்கு: அம்பாங்கில் எஸ்பிசிஏ சிலாங்கூர் இருக்கிறது, சுபாங்கில் பாவ்ஸ் இருக்கிறது. பல்லாண்டுகளாக உழைக்கும் இடங்கள். ஆனால் கூண்டுகளுக்கு எண்ணிக்கை உண்டு, குட்டிகளுக்கு இல்லை. தடுப்பூசி வரிசை பதினாறு வாரம் வரை போகும். அது முடியாத குட்டியை நூறு நாய் இருக்கும் இடத்தில் விடுவது பார்வோ நோய்க்கு விருந்து வைப்பது. அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கருத்தடை செய்து திரும்பத் தெருவிலேயே விடலாமே என்பதும் வளர்ந்த, சூடுபட்ட, சோறு போட ஆள் உள்ள தெருநாய்க்குச் சரி. எட்டு வாரக் குட்டிக்கு அது மரண தண்டனை. காப்பகத்துக்கு நிதி கொடுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கூண்டு கழுவுங்கள். கையில் இருக்கிற குட்டிக்கு மட்டும் உங்கள் வீட்டுக் குளியலறையையே பத்து நாள் கொடுங்கள்.

கடைசியாக, கொடுத்துவிட்ட பிறகு. 'எந்தக் காரணத்துக்காக என்றாலும் எங்களிடமே திருப்பிக் கொடுங்கள், ஒரு வார்த்தை திட்டமாட்டோம்' என்பதை எழுதியும் கொடுக்கிறோம், வாயாலும் சொல்கிறோம். திட்டுவார்கள் என்ற பயத்தில்தான் பாதி நாய்கள் நெடுஞ்சாலைக்குப் போகின்றன. மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் முந்தின நாள் (வெடிச் சத்தத்தில் கேட்டுத் தாண்டி ஓடுவது அந்த இரவுகளில்தான்), பிறகு பத்தாவது மாதம்: இந்த ஐந்து அழைப்புகளை நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். "நாய் நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும். "நேத்து ராத்திரி எங்க படுத்துச்சு?" என்று கேளுங்கள்.